ஆடிக் காற்றில் விண்ட்ஸ்கிரீன் தேர்வு: தாம்பரம் முதல் அரிச்சல்முனை வரை

முதல் நாள்: தாம்பரம் – திருச்சி

நெடுந்தூரம் பைக் ஓட்டுபவரை மாலையில் சோர்ந்து விழச் செய்வது இருக்கையோ இஞ்சின் அதிர்வோ அன்று, காற்றுதான் என்பது என் உறுதியான எண்ணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நெஞ்சைத் தள்ளும் விசை 80 கி.மீ. வேகத்தை எட்டும்போது ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. நான்குவழிச் சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு 2018இல் வகுத்த உச்ச வேகமே 80 தான். அந்த வேகத்தில் நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு எத்தகைய விண்ட்ஸ்கிரீன் (ஹேண்டில்பாருக்கு முன்னே நின்று காற்றை மறைக்கும் தகடு) பொருந்தும் என்பதை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்வதற்காக, காற்று மிகுந்த ஆடி மாதத்தைத் தேர்ந்துகொண்டு இன்று அதிகாலை தாம்பரத்திலிருந்து கிளம்பினோம்.

என்னுடையது ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350. உடன் வரும் தம்பி ஹிமாலயன் 450 வைத்திருக்கிறார். என் வண்டியில் பொருத்தியிருப்பது வெளிக்கடையில் வாங்கிய, பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன உயரமான விண்ட்ஸ்கிரீன். அதன் மேல்விளிம்பு, நான் நிமிர்ந்து அமர்ந்தால் என் உதட்டுக்கு நேராக நிற்கிறது. அதைவிட ஒரு சாணுக்கும் மேல் குட்டையான மற்றொரு விண்ட்ஸ்கிரீனையும், விளிம்பில் கவ்வவைத்துக் காற்றைத் திசைதிருப்பும் டிஃப்ளெக்டர் என்ற சிறு தகடு ஒன்றையும் துணியில் சுற்றிப் பின்பையில் வைத்திருக்கிறேன். ஒரே சாலை, ஒரே உடம்பு, ஒரே ஹெல்மெட் என்று வைத்துக்கொண்டு விண்ட்ஸ்கிரீனை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

செங்கல்பட்டைத் தாண்டி 80 கி.மீ. வேகத்தை எட்டியதுமே உயரமான விண்ட்ஸ்கிரீனின் குணம் தெரிந்துவிட்டது. நெஞ்சில் காற்றே இல்லை; தோள்கள் தளர்ந்து, கைப்பிடியை இறுகப் பற்ற வேண்டிய தேவையின்றி ஓட்ட முடிந்தது. ஆனால் ஹெல்மெட் மட்டும் இடமும் வலமுமாக விடாமல் உதறிக்கொண்டே இருந்தது. திண்டிவனத்துக்கு முன்பு எதிரே வந்த ஊர்ப்பெயர்ப் பலகையின் எழுத்துகள் நடுங்கித் தெரிந்தன. பலர் இதைக் காற்று அதிகம் வருவதாக எண்ணி, இன்னும் உயரமான விண்ட்ஸ்கிரீனைத் தேடிப் போகிறார்கள். நோய் வேறு. விண்ட்ஸ்கிரீனின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்திருப்பதால், விளிம்பைத் தாண்டி வரும் காற்று நேரே செல்லாமல் சுழல்களாக உடைந்து உள்பக்கம் மடிகிறது. அந்தச் சுழல்களின் நடுவே தலை சிக்கிக்கொண்டால், எத்தனை விலையுயர்ந்த ஹெல்மெட்டும் உதறத்தான் செய்யும்.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் போக்குவரத்தே இல்லாத நேரான பகுதியில் இரண்டு எளிய சோதனைகளைச் செய்தேன். முதலில் கால்மிதியில் சற்றே எழுந்து நின்றேன். தலை விளிம்பைவிட நன்றாக உயர்ந்ததும் உதறல் சட்டென்று நின்று, சீரான எதிர்காற்று முகத்தில் வந்து மோதியது. அடுத்து நன்றாகக் குனிந்தேன். அப்போதும் உதறல் நின்றது; இரைச்சலும் பாதிக்குப் பாதி அடங்கிவிட்டது. அதாவது மேலேயும் அமைதி, கீழேயும் அமைதி. என் தலை இருக்கும் இடத்தில்தான் கலவரம். எழுந்தால் குணமாகிறது என்றால் குட்டையான விண்ட்ஸ்கிரீன் பொருந்தும்; குனிந்தால் குணமாகிறது என்றால் உயரமானது பொருந்தும்; இரண்டிலும் குணமாகிறது என்றால் எந்தப் பக்கம் போவது என்பதை வெயிலும் மழையும் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும். விண்ட்ஸ்கிரீன் வாங்கக் கிளம்பும் எவரும் பணத்தை எடுப்பதற்கு முன்பு இந்தச் சோதனையைத் தம் வண்டியில் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

பெரம்பலூரைத் தாண்டியபோது உச்சி வெயில். இங்கேதான் உயரமான விண்ட்ஸ்கிரீனின் இரண்டாவது குறை வெளிப்பட்டது. ஐரோப்பாவில் குளிர்காற்றை மறைக்க வடிவமைத்ததை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால், வியர்வையை உலர்த்த வேண்டிய காற்றையும் அது மறைத்துவிடுகிறது. போதாததற்கு, பின்னாலுள்ள குறைந்த அழுத்தம் இஞ்சினின் அனலைக் கீழிருந்து மேலே இழுத்து மடியில் கொட்டுகிறது. பாடாலூரில் நிறுத்தி ஜாக்கெட்டைக் கழற்றியபோது முதுகும் மார்பும் முழுக்க நனைந்திருந்தன. அதே ஜாக்கெட்டோடு ஹிமாலயனில் வந்த தம்பியின் மார்பு உலர்ந்திருந்தது. அந்த வண்டியின் விண்ட்ஸ்கிரீன் அளவில் சிறியது. திருச்சியில் தங்கல்.

இரண்டாம் நாள்: திருச்சி – திருநெல்வேலி

காலையில் விடுதி வாசலிலேயே குட்டை விண்ட்ஸ்கிரீனை மாற்றிக்கொண்டேன். நான்கு போல்ட்டுகள்தாம், காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. விராலிமலை வரையில் உதறலே இல்லை. விளிம்பைத் தாண்டிவரும் காற்று என் மார்பின் மேற்பகுதியில் பட, ஹெல்மெட்டுக்கு வருகிற காற்று யாராலும் உடைக்கப்படாமல் நேராக வருகிறது. வெயில் ஏறியும் புழுக்கமில்லை. ஆனால் தோளுக்குச் சுமை கூடிவிட்டது. துவரங்குறிச்சியை நெருங்கும்போது கைப்பிடியை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதை உணர முடிந்தது. உடம்பைப் பின்னால் தள்ளும் காற்றுக்கு எதிராகக் கைகள் செய்யும் வேலை அது.

மேலூருக்கு முன்பு சாலையோரம் நிறுத்தி, தையல்கடையில் வாங்கி வந்திருந்த சிவப்புக் கம்பளி நூலை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, டேப்பினால் என் ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டையிலும் மார்பிலும் விண்ட்ஸ்கிரீனின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டோம். காற்று எங்கே எப்படிப் போகிறது என்பதைக் கண்ணால் காண்பதற்கு விமானப் பொறியாளர்களே கையாளும் பழைய முறை இது. தம்பி சிறிது தூரம் பக்கவாட்டில் வந்து பார்த்தார். குட்டை விண்ட்ஸ்கிரீனில் கழுத்துப்பட்டை நூல்கள் பின்னோக்கிச் சீராகப் பறந்தன. ஓரிடத்தில் நிறுத்தி உயரமானதை மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டியபோது, அதே நூல்கள் முன்னோக்கி, விண்ட்ஸ்கிரீனை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றனவாம். வண்டி முன்னே போகிறது. என் கழுத்தருகே காற்றும் முன்னே போகிறது. பின்னாலிருந்து முதுகைத் தள்ளுவதுபோல் சிலர் உணர்வதற்குக் காரணம் இந்தப் பின்னோட்டமே. விண்ட்ஸ்கிரீனுக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டால், அதன் வழியே கொஞ்சம் காற்று உள்ளே நுழைந்து அழுத்தக் குறைவை நிரப்பி இந்தப் பின்னோட்டத்தைத் தணிக்கும். நல்ல விண்ட்ஸ்கிரீன்களின் அடியில் துளைகளோ இடைவெளியோ விட்டிருப்பது அழகுக்காக அன்று. கடையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் நான் தேடுவது அதைத்தான்.

விருதுநகரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். ஹிமாலயன் தம்பிக்கும் தலை உதறல் இருந்தது. ஆனால் அவருடைய சிக்கல் விண்ட்ஸ்கிரீனில் இல்லை. அவர் அணிந்திருப்பது நெற்றிக்கு மேல் நீண்ட தொப்பி விளிம்பு கொண்ட அட்வெஞ்சர் ஹெல்மெட். விண்ட்ஸ்கிரீனைத் தாண்டி மேல்நோக்கி எழும் காற்று அந்தத் தொப்பி விளிம்பின் அடியில் புகுந்து தலையையே தூக்கப் பார்க்கிறது. திருகுகளைக் கழற்றி அதை அகற்றியதும், சாத்தூர் வரை வந்துவிட்டு, "அண்ணே, வேற வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார். ஒருவருக்குப் பொருந்திய விண்ட்ஸ்கிரீன் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. மீட்டியாரின் இருக்கை தரையிலிருந்து 765 மி.மீ., ஹிமாலயன் 450இன் இருக்கை 825 மி.மீ.; அதன் மேல் அவரவர் முதுகின் நீளம், ஹெல்மெட்டின் வடிவம், உட்காரும் சாய்வு எல்லாம் சேர்ந்துதான் தலை எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆளின் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு விண்ட்ஸ்கிரீனைப் பரிந்துரைப்பவரை நான் நம்புவதில்லை.

கோவில்பட்டி, கயத்தாறு தாண்டி மாலையில் திருநெல்வேலி. போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதற்காக வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் நிறுத்தினேன். நான் ஸ்பேனரை எடுப்பதைப் பார்த்த பெரியவர் தடுத்தார்: "அண்ணாச்சி, ரொம்ப முறுக்காதீய. ரப்பர் நசுங்கிட்டுன்னா ஓட்டையச் சுத்தி விரிசல் விட்டுரும்." முற்றிலும் உண்மை. போல்ட்டுக்கும் விண்ட்ஸ்கிரீனுக்கும் இடையிலுள்ள ரப்பர் வாஷர் அதிர்வை வாங்கிக்கொள்வதற்காக இருப்பது. அதை நசுக்கிவிட்டால் அதிர்வு முழுவதும் துளையின் விளிம்பில் இறங்குகிறது. விரல்களால் இறுக்கியபின் கூடுதலாக ஒரு சிறு திருப்பு போதும் என்று அவரே இறுக்கிக் காட்டினார்.

மூன்றாம் நாள்: திருநெல்வேலி – முப்பந்தல் – கன்னியாகுமரி

இன்றைய தூரம் குறைவு. ஆனால் இந்தப் பயணத்தின் உயிரே இன்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்குண்டு வேகமெடுத்துக் கிழக்கே பாய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் அத்தகைய இடைவெளிகளில் ஒன்று. அதன் வாயில் இருக்கும் முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் சுமார் 1,500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள் என்றால், காற்றின் பலத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் இந்தச் சாலையில் நடந்திருக்க வேண்டும்.

நாங்குநேரி தாண்டியதும் வலப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கத் தொடங்கியது. வேண்டுமென்றே உயரமான விண்ட்ஸ்கிரீனை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். பக்கக்காற்றில்தான் விண்ட்ஸ்கிரீன் எதன் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற கேள்வி உயிர்ப்பிரச்சினையாகிறது. மீட்டியாரில் அது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு சேர்ந்து, ஹேண்டில்பாருடன் திரும்புகிறது. ஹிமாலயனில் ஹெட்லைட்டும் விண்ட்ஸ்கிரீனும் சட்டகத்தோடு நிலையாக நிற்கின்றன; ஹேண்டில்பார் மட்டும் தனியே திரும்புகிறது. ஆகவே ஹிமாலயனில் காற்று வண்டி முழுவதையும் தள்ளுகிறது. மீட்டியாரில் காற்று நேரடியாக ஸ்டியரிங்கையே பிடித்துத் திருப்பப் பார்க்கிறது. பணகுடி அருகே ஒரு லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்த கணத்தில் ஹேண்டில்பார் இடப்பக்கம் இழுத்ததை இரண்டு உள்ளங்கைகளிலும் உணர்ந்தேன். அடுத்த லாரியை முந்துவதற்குமுன் வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் இடம் விட்டு, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டேன். பக்கக்காற்றில் கைகளை விறைப்பாக வைத்திருந்தால், உடம்பில் படும் காற்றின் தள்ளுதலும் ஸ்டியரிங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

காவல்கிணறு சந்திப்பில் நாகர்கோவில் சாலையில் திரும்பியதும் அதே காற்று எதிர்க்காற்றாகிவிட்டது. விண்ட்ஸ்கிரீனுக்கு ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் தெரியாது. காற்றின் வேகம் மட்டுமே தெரியும். 80 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், விண்ட்ஸ்கிரீன் சந்திப்பது 110 கி.மீ. காற்றை, தள்ளும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அமைதியான காலையில் ஊருக்குள் நான்கு தெரு சுற்றிவிட்டு "அருமையாக இருக்கிறது" என்று சொல்லப்படும் விமர்சனங்களை நான் பொருட்படுத்தாததற்கு இதுவே காரணம். முப்பந்தலில் 60 கி.மீ. வேகத்திலேயே உயரமான விண்ட்ஸ்கிரீன் மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் ஆடியது. தடிமன் போதாத நீண்ட தகடு இவ்வாறு ஆடும்போது அடியிலுள்ள துளைகள்தாம் தேய்கின்றன.

இசக்கியம்மன் கோயிலருகே நிறுத்தி, குட்டை விண்ட்ஸ்கிரீனுக்கு மாறி, அதன் விளிம்பில் டிஃப்ளெக்டரையும் கவ்வவைத்தேன். ஓர் உள்ளங்கை அகலமுள்ள அந்தச் சிறு தகடு, விளிம்புக்கும் தனக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்கிறது. அந்த இடைவெளிதான் அதன் சூட்சுமம்: மேலே போகும் காற்றை இன்னும் சற்று மேலே தள்ளிக்கொண்டே, நடுவில் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுச் சுழலையும் உடைக்கிறது. ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளை வரை சாய்வை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு நிலையில் தோளிலிருந்த சுமை இறங்கியது. ஹெல்மெட்டில் உதறலும் வரவில்லை. இந்தப் பயணத்தில் இரண்டு நன்மைகளும் ஒன்றாகக் கிடைத்தது இன்றுதான்.

இரைச்சலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 80 கி.மீ. வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடுகிறது. பணியிடங்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. அதாவது 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். விண்ட்ஸ்கிரீன் சரியாக அமைந்தால் இரைச்சல் குறையும், மறையாது. சரியில்லாமல் அமைந்தால் திறந்த வண்டியைவிட அதிகமாகும். நுரையால் ஆன காதடைப்பான் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அணியாமல் நெடுந்தூரம் ஓட்டும் இளைஞர்களைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது. போன செவி திரும்ப வராது.

நான்காம் நாள்: கன்னியாகுமரி – ராமேஸ்வரம்

கூடங்குளம், உவரி, திருச்செந்தூர், தூத்துக்குடி, சாயல்குடி என்று கடலோரமாகவே வந்தோம். வடகிழக்கே போகும் சாலை என்பதால் காற்று பெரும்பாலும் முதுகுப்பக்கம். விண்ட்ஸ்கிரீனுக்கு வேலையே இல்லை, புழுக்கம்தான் மிஞ்சியது. டிஃப்ளெக்டரைத் தூத்துக்குடியில் கழற்றிப் பையில் போட்டேன். கருவிகள் ஏதுமின்றி அரை நிமிடத்தில் கழற்ற முடிவது அதன் பெரிய பலம்.

காலையில் கன்னியாகுமரியை விட்டுக் கிளம்பும்போது பெய்த தூறலில் ஒன்றைக் கவனித்தேன். மழைத்துளி குறைந்த வேகத்தில் விண்ட்ஸ்கிரீனை விட்டு ஓடுவதில்லை; அங்கேயே தங்கி, எதிரே வரும் விளக்கை நூறாகச் சிதறடிக்கிறது. ஆகவே விண்ட்ஸ்கிரீனின் ஊடாகப் பார்த்து ஓட்டும்படி அமைப்பது ஆபத்து. அதன் மேலாகப் பார்க்க வேண்டும். விளிம்பு மூக்கு நுனிக்கு மேலே ஏறக் கூடாது என்பது அனுபவசாலிகள் வகுத்த வரம்பு. விளிம்பைத் தாண்டிய காற்று மேல்நோக்கியே போவதால், ஹெல்மெட்டின் உச்சி வரைக்கும் தகடு உயர வேண்டிய தேவையும் இல்லை.

பாம்பன் சாலைப்பாலம் 1988இல் திறக்கப்பட்டது. இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து அடித்த காற்றில் குட்டை விண்ட்ஸ்கிரீனுடன் 40 கி.மீ. வேகத்தில் கடந்தோம். நேற்று பணகுடியில் ஸ்டியரிங்கில் உணர்ந்த இழுப்பு இங்கே மிகக் குறைவு.

ஐந்தாம் நாள்: தனுஷ்கோடி – அரிச்சல்முனை

2017இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையில் இருபுறமும் கடல். மணல் சாலையின் குறுக்கே பாம்பாக நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. போய்த் திரும்புவதற்குள் விண்ட்ஸ்கிரீன் மேல் உப்பும் மணலும் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிட்டன. தம்பி கைக்குட்டையை எடுத்ததும் நிறுத்தச் சொன்னேன். உலர்ந்த துணியால் ஒரு முறை தேய்த்தால் அந்த மணல் அத்தனையும் கீறல்களாகிவிடும்; பகலில் தெரியாத அந்தக் கீறல்கள் இரவில் எதிர்விளக்கு பட்டதும் வலையாக விரியும். முதலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி ஓடவிட்டு, பிறகு நனைத்த மைக்ரோஃபைபர் துணியில் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டு விட்டு, அழுத்தாமல் துடைத்தோம்.

பாலிகார்பனேட் கல்லடிக்கு உடையாது; ஆனால் எளிதில் கீறல் விழும், ஆகவே கடினப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அக்ரிலிக் என்னும் மற்றொரு பிளாஸ்டிக் தெளிவாக இருக்கும், கீறலையும் ஓரளவு தாங்கும்; ஆனால் அடிபட்டால் கூரிய துண்டுகளாக உடையும். லாரி டயர்கள் கல்லை எறியும் நம் நெடுஞ்சாலைகளுக்கு நான் பாலிகார்பனேட்டையே தேர்வேன். அதற்கு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மங்களும் பெட்ரோலும் பிரேக் ஆயிலும் எதிரிகள். பட்டறைகளில் பிசுக்கைப் போக்க பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பது நம் ஊர் வழக்கம். விண்ட்ஸ்கிரீன் பக்கம் அந்தத் துணி வராமல் அருகிலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உடனே ஒன்றும் தெரியாது. நாளடைவில் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் கிளம்பும்.

விடுதிக்குத் திரும்பியதும் இரண்டு விண்ட்ஸ்கிரீன்களையும் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். உயரமானதன் இடப்பக்கக் கீழ்த்துளையில் நகத்தளவு விரிசல் ஒன்று தொடங்கியிருக்கிறது. முப்பந்தல் ஆட்டத்தின் விளைவாகத்தான் இருக்க வேண்டும். குட்டையானது பழுதின்றி இருக்கிறது. என் வண்டிக்கும் உடம்புக்கும் ஹெல்மெட்டுக்கும் குட்டை விண்ட்ஸ்கிரீனும், எதிர்க்காற்று மிகும்போது மட்டும் டிஃப்ளெக்டரும் என்று முடிவாகிவிட்டது. மார்கழிப் பனியில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவருக்கு என் முடிவு பொருந்தாது. அவருக்கு நெஞ்சுக் காற்றை மறைக்கும் உயரமானதே நல்லது. பின்னால் ஒருவரை அமர்த்தி ஓட்டுபவர் அவரையும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் நம் தலைக்கு மேலே போகிற சுழல் பல சமயம் பின்னால் இருப்பவரின் முகத்தில்தான் இறங்குகிறது.

நாளை தொண்டி, பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர். தம்பி என் டிஃப்ளெக்டரைத் தன் ஹிமாலயனில் மாட்டிப் பார்க்க விரும்புகிறார். அவருடைய விண்ட்ஸ்கிரீன் விளிம்பு வளைவாக இருப்பதால் கவ்வி சரியாக உட்காருகிறதா என்று இப்போதுதான் பொருத்திப் பார்த்தோம். இடையில் மெல்லிய ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்ததும் ஆடாமல் நிற்கிறது.